கொப்பரையில் பிரியாத பாகு



கோவையில் வீட்டிலேயே கேக்கும் பிஸ்கட்டும் செய்து விற்பவர்கள் இப்போது தெருவுக்குத் தெரு இருக்கிறார்கள். அவர்களில் பலர் இங்கே வந்திருக்கிறீர்கள். நவம்பர் பிறந்தால் உங்களிடமிருந்து தவறாமல் ஒரு கேள்வி வரும்: “மொலாசஸ் எங்கீங்க கெடைக்கும்? அது இல்லாட்டி நாட்டுச்சர்க்கரை போட்டாச் சரியா வருமுங்களா?” இஞ்சி பிஸ்கட்டுக்கும் கிறிஸ்துமஸ் பழக் கேக்குக்கும் அயல்நாட்டுச் சமையல் குறிப்புகள் மொலாசஸைக் கேட்கின்றன. இறக்குமதிச் சரக்கு விற்கும் கடையில் சின்னப் பாட்டிலில் கிடைக்கும். விலை கேட்டால் நெஞ்சடைக்கும். அந்தப் பாட்டிலை வாங்குவதா, கவுந்தப்பாடி நாட்டுச்சர்க்கரையை எடுப்பதா என்பதைத்தான் இன்று பேசப்போகிறேன். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கொங்கு நாட்டில் இருப்பவர்களுக்கு அந்தப் பாட்டில் தேவையே இல்லை. ஆனால் நாட்டுச்சர்க்கரையை அப்படியே தூக்கிப் போட்டால் போதும் என்றும் நான் சொல்லமாட்டேன். அது எப்போது பொருந்தும், எப்போது பொருந்தாது என்பது தெரிந்தாக வேண்டும். நாம் வாங்குவது உண்மையிலேயே நாட்டுச்சர்க்கரைதானா என்பது அதைவிடப் பெரிய கேள்வி.

மொலாசஸ் எப்படி வருகிறது என்று பார்ப்போம். சர்க்கரை ஆலையில் கரும்புச் சாற்றைக் காய்ச்சி, படிகம் கட்டவிட்டு, சல்லடைச் சுவர் வைத்த பாத்திரத்தில் போட்டு வேகமாகச் சுழற்றுகிறார்கள். படிகம் உள்ளே தங்கிவிடும், பாகு வெளியே வழியும். வழிந்த பாகை மறுபடியும் காய்ச்சி மறுபடியும் சுழற்றுவார்கள். நம் ஊர் ஆலைகளில் பெரும்பாலும் மூன்று சுற்று நடக்கும். மூன்றாம் சுற்றுக்குப் பிறகு இனி லாபமாகப் படிகம் எடுக்க முடியாது என்று ஒதுக்கும் கருப்புக் குழம்புதான் கடைசி மொலாசஸ். நூறு கிலோ கரும்பு அரைத்தால் பத்துக் கிலோ அளவில் சர்க்கரையும், நாலு நாலரைக் கிலோ மொலாசஸும் வரும். அந்தக் குழம்பிலும் ஏறக்குறைய பாதி சர்க்கரைதான். மீதியில் தண்ணீர், பொட்டாசியம், சுண்ணாம்புச் சத்து, இரும்பு, கரும்பின் அமிலங்கள், காய்ச்சிக் காய்ச்சி வந்த கசப்பு எல்லாம் சேர்ந்திருக்கும்.

மேற்கே இந்தக் குழம்பு சமையலறைக்குள் வந்ததற்கு வரலாறு ஒரு காரணம். கரீபியத் தீவுகளில் அடிமைகளின் உழைப்பில் விளைந்த கரும்பின் வெள்ளைச் சர்க்கரை பணக்காரர் மேசைக்குப் போனது. மலிவான பாகு பீப்பாய்களில் ஏறி வட அமெரிக்காவுக்குப் போனது. ரம் வடிக்கவும் ஏழைகள் ரொட்டியில் ஊற்றிக்கொள்ளவும் பயன்பட்டது. 1733-இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் மொலாசஸுக்கென்றே ஒரு வரிச் சட்டம் போட்டதென்றால் அந்த வணிகத்தின் அளவை யோசித்துப் பாருங்கள். அவர்களுடைய இஞ்சி கேக்கின் கருமையும் லேசான கசப்பும் அப்படி வந்த ருசிதான்.

நம் ஊர் ஆலைகளில் வரும் மொலாசஸை யாரும் அடுப்படிக்குக் கொண்டுவர நினைக்க வேண்டாம். ஆப்பக்கூடல் சக்தி ஆலையானாலும், வேறு எந்தச் சர்க்கரை ஆலையானாலும், அந்தக் குழம்பின் வழி எரிசாராயத்துக்குத்தான். கொஞ்சம் மாட்டுத் தீவனத்துக்குப் போகும். சாராயம் காய்ச்ச உதவும் பொருள் என்பதால் அதை வைத்திருக்கவும் எடுத்துப் போகவும் அரசுக் கட்டுப்பாடு உண்டு; தமிழ்நாட்டில் அதற்கான விதிகள் 1958-லிருந்தே இருக்கின்றன. அதோடு, சர்க்கரை வெளுப்பாக வருவதற்காக நம் ஆலைகளில் பெரும்பாலும் சாற்றில் சுண்ணாம்பும் கந்தகப் புகையும் செலுத்துகிறார்கள். அதன் மிச்சமெல்லாம் கடைசிக் குழம்பில் வந்துதான் சேரும். அயல்நாட்டுப் பாட்டிலில் கந்தகம் சேராதது என்று தனியாக எழுதி ஒட்டியிருப்பது இதனால்தான். தீவனக் கடையில் மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்கிக் கேக்கில் ஊற்றலாமா என்று ஒரு தங்கை கேட்டார். கூடவே கூடாது அம்மணி.

இனி நம் ஆலைக்கு வருவோம். நம் பக்கத்தில் ஆலை என்றால் காட்டுக்குள் கொட்டகை போட்டு வெல்லம் காய்ச்சும் இடமும் ஆலைதான். காலிங்கராயன் வாய்க்கால் ஓரத்திலும் கீழ்பவானிப் பாசனத்திலும் கரும்பும் மஞ்சளும் மாறி மாறி நிற்கும் ஊர்களில் நின்று பார்த்தவர்களுக்கு அந்த வாசனை மறக்காது. இரும்பு உருளைகளில் கரும்பைக் கொடுத்துப் பிழிந்த சாறு அகலமான கொப்பரைக்குப் போகிறது. அடுப்பில் எரிவது அதே கரும்பின் காய்ந்த சக்கை. சூடேறும்போது தெளிந்த சுண்ணாம்பு நீர் கொஞ்சம் விடுகிறார்கள். வெண்டைத் தண்டை நசுக்கி ஊறவைத்த கொழகொழப்பான நீரை ஊற்றுவதும் உண்டு. சாற்றில் இருக்கும் அழுக்கையெல்லாம் பிடித்துக்கொண்டு அது மேலே நுரையாக ஒதுங்கும். நீளக் காம்பு வைத்த சல்லடைக் கரண்டியால் வழித்து வழித்து எறிவார்கள். பொங்கி வழியப் பார்த்தால் ஒரு சொட்டு ஆமணக்கெண்ணெய் விட்டால் நுரை சட்டென்று அமுங்கும். இரண்டு மூன்று மணி நேரத்தில் சாறு பொன்னிறமாகி, பிறகு செம்மண் நிறத்துக்குப் போகும். ஆலைக்காரர் ஒரு துளியைத் தண்ணீரில் விட்டு விரலால் உருட்டிப் பார்க்கிறார். அவர் கையில் வெப்பமானி கிடையாது. ஆனால் வைத்துப் பார்த்தால் வெல்லத்துக்கு 118 டிகிரி செல்சியஸ் வாக்கில் காட்டும். நாட்டுச்சர்க்கரைக்கு இன்னும் இரண்டு மூன்று டிகிரி ஏற விட்டு இறக்குவார்கள்.

வெல்லத்துக்கும் நாட்டுச்சர்க்கரைக்கும் வழி இங்கேதான் பிரிகிறது. சூட்டோடு துணியில் உருட்டினால் உருண்டை வெல்லம், அச்சில் ஊற்றினால் அச்சு வெல்லம். கூடுதலாகக் காய்ந்த பாகைத் தொட்டியில் ஊற்றி, மரத்துடுப்பால் இழுத்து இழுத்துக் கிளறி, ஆற ஆறத் தேய்த்துப் பொடியாக்கினால் நாட்டுச்சர்க்கரை. எந்த இடத்திலும் பாகைப் படிகத்திலிருந்து யாரும் பிரிக்கவில்லை. மொலாசஸாக வெளியே போயிருக்க வேண்டியது ஒவ்வொரு துகளையும் சுற்றி ஒட்டிக்கொண்டிருக்கிறது. கடையில் பிரவுன் சுகர் என்று விற்கிறார்களே, அதில் பெரும்பாலானவை வெள்ளைச் சர்க்கரையோடு கொஞ்சம் மொலாசஸைத் திரும்பக் கலந்தவைதான். முதலில் பிரித்து, பிறகு ஒட்டி, அதற்கு இரட்டை விலை வாங்குகிறார்கள். கொப்பரையில் பிரிக்காமலே விட்டதை நாம் ஏன் வேறொரு பாட்டிலில் தேட வேண்டும்?

இதற்குப் பழனிப் பஞ்சாமிர்தத்தைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை. 2019-இல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. வாழைப்பழம், நாட்டுச்சர்க்கரை, நெய், தேன், ஏலக்காய். அதோடு பேரீச்சையும் கற்கண்டும். ஒரு சொட்டுத் தண்ணீர் கிடையாது. சர்க்கரை கவுந்தப்பாடி ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்து ஏலத்திலிருந்து போகிறது, 60 கிலோ மூட்டைகளாக. ஏன் வெல்லம் போடவில்லை என்று யோசித்திருக்கிறீர்களா? வெல்லத்தைக் கரைக்கத் தண்ணீர் வேண்டும். தண்ணீர் சேர்ந்தால் பழக்கலவை சில நாளில் நுரைத்துவிடும். உலர்ந்த நாட்டுச்சர்க்கரையைப் பழத்தோடு பிசையும்போது அது பழத்திலிருக்கும் நீரைத் தன்பக்கம் இழுத்துக்கொண்டு தானே பாகாகிவிடுகிறது. கிருமி வளரத் தேவையான ஈரம் அதன் கைக்கு எட்டாமல் போகிறது. விருப்பாச்சி மலைவாழைப்பழம் மற்ற பழங்களைவிட நீர் குறைந்தது என்பதும் இதற்குத் துணை. எந்தப் பதார்த்தத்துக்கு வெல்லம், எதற்கு நாட்டுச்சர்க்கரை என்று முடிவு செய்யும்போது நான் முதலில் பார்ப்பது இந்த ஈரக் கணக்கைத்தான்.

நம் வீட்டுப் பலகாரங்களில் இந்தக் கணக்கு ஏற்கெனவே இருக்கிறது. சந்தகைக்குத் தேங்காய்ப்பால் ஊற்றிச் சாப்பிடும்போது நாட்டுச்சர்க்கரையைத் தூவுகிறோம். ராகிப் புட்டுக்கும் அப்படியே. ஒப்பிட்டுப் பூரணத்துக்கும் கச்சாயத்துக்கும் வெல்லம். அதிரசத்துக்கு வெல்லத்தைத் தவிர வேறு கதியில்லை. அதிரசப் பாகில் வெல்லம் செய்யும் வேலையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், கேக்குக்கும் அதுவே பாடம்.

கரும்புச் சாற்றின் புளிப்பில் நெடுநேரம் கொதிக்கும்போது சர்க்கரையில் ஒரு பங்கு உடைந்து குளுக்கோஸும் பிரக்டோஸுமாக மாறுகிறது. நல்ல வெல்லத்தில் இது நூற்றுக்குப் பத்து அளவிலோ சற்று அதிகமாகவோ இருக்கும். இந்த உடைந்த சர்க்கரை மற்றதைப் படிகம் கட்ட விடாது, காற்றிலிருந்து ஈரத்தையும் பிடித்து வைத்துக்கொள்ளும். அதனால்தான் அதிரச மாவு பானையில் நாள்கணக்கில் இளகியே இருக்கிறது, சுட்ட அதிரசம் ஒரு வாரமானாலும் மெத்தென்று இருக்கிறது. வெல்லத்தில் வெள்ளைச் சர்க்கரை கலந்திருந்தால் இந்தப் பங்கு குறைந்துபோகும். பாகு ஆறும்போது நறநறவென்று பூத்து, மாவு கல்லாகும். “மாவுப் பக்குவம் தப்பிப் போச்சு” என்று மருமகளைக் குறை சொல்லும் மாமியார்கள் ஒருமுறை வெல்லக்கடையையும் சந்தேகப்பட வேண்டும்.

அடுமனைக்கு வருகிறேன். அயல்நாட்டுக் குறிப்பு 100 கிராம் மொலாசஸ் கேட்டால், அதில் 20 கிராமுக்கு மேல் தண்ணீர். ஆகவே 75 முதல் 80 கிராம் வெல்லத்தை 20, 25 மில்லி தண்ணீரில் கரைத்து, வடிகட்டி, ஒரு கொதி விட்டு ஆற வைத்தால் இனிப்பும் ஈரமும் சரியாகிவிடும். உலர் நாட்டுச்சர்க்கரையை அப்படியே போட்டால் மாவு இறுகிப்போகும். பலரும் தவறுவது இங்கேதான்.

இரண்டாவது, புளிப்பு. மொலாசஸ் கொஞ்சம் அமிலத் தன்மை கொண்டது. அந்தக் குறிப்புகளில் சமையல் சோடா போடச் சொல்வது அந்த அமிலத்தை நம்பித்தான்; இரண்டும் சேர்ந்து காற்றுக் குமிழியாகி மாவைத் தூக்கும். வெல்லத்தில் அவ்வளவு புளிப்பு இல்லை, காய்ச்சும்போது சுண்ணாம்பு விட்டிருந்தால் இன்னும் குறைவு. சோடா வேலையில்லாமல் தங்கிவிட்டால் கேக் சோப்பு வாசனை அடிக்கும். இரண்டு மேசைக்கரண்டி புளித்த தயிர் சேருங்கள், அல்லது சோடாவைக் குறைத்து அந்த இடத்தில் பேக்கிங் பவுடர் போடுங்கள்.

மூன்றாவது, கசப்பு. மொலாசஸின் அடர்ந்த கசப்பைக் கரும்பு வெல்லம் முழுதாகத் தராது. அதற்குப் பாதி வெல்லத்தை எடுத்துவிட்டுக் கருப்பட்டி போடுங்கள். இஞ்சி பிஸ்கட்டில் சுக்குப் பொடியும் கருப்பட்டியும் சேர்ந்தால் சுக்குக் காபியின் வாசனைதானே வரும்! நம் நாக்குக்கு அது மொலாசஸைவிட நெருக்கமானது. கிறிஸ்துமஸ் பழக் கேக்குக்கோ நம் பேக்கரிக்காரர்கள் சர்க்கரையைக் கருக்கி, வெந்நீர் ஊற்றிக் கரைத்த பாகைத்தான் நெடுங்காலமாக ஊற்றுகிறார்கள். அதுவும் நல்ல வழியே.

ஆனால் எல்லா இடத்திலும் நாட்டுச்சர்க்கரை என்று நான் பிடிவாதம் பிடிக்கமாட்டேன். வெண்ணெயும் சர்க்கரையும் நுரைக்க அடித்துச் செய்யும் லேசான கேக்குக்கு அஸ்கா என்னும் வெள்ளைச் சர்க்கரைதான் ஏற்றது. அதன் கூரான படிகங்கள் வெண்ணெய்க்குள் காற்றைக் கீறி நுழைக்கின்றன. நாட்டுச்சர்க்கரையின் மிருதுவான துகளுக்கு அந்த வேலை வராது. மொறுமொறு பிஸ்கட்டும் அப்படியே, ஈரம் இழுப்பதால் இரண்டு நாளில் நமத்துப்போகும். வாழைப்பழக் கேக், பேரீச்சைக் கேக், ராகி பிஸ்கட், பழக் கேக் இவற்றில் நாட்டுச்சர்க்கரைக்கு நிகரில்லை. சீக்கிரம் சிவந்துவிடும் என்பதால் ஓவன் சூட்டை ஒரு பத்து டிகிரி குறைத்து வையுங்கள்.

உடல்நலம் பற்றி ஒரே ஒரு வார்த்தை. தாதுச் சத்து கொஞ்சம் உண்டு என்பது உண்மை. அதற்காக நீரிழிவுக்காரர் கேக்கில் அஸ்காவை மாற்றி நாட்டுச்சர்க்கரை போட்டுவிட்டு நிம்மதியாக இருக்கக் கூடாது. இரத்தத்துக்கு இரண்டும் சர்க்கரைதான். “டயபடிக் கேக்” என்று பெயர் வைத்து விற்பவர்கள் இங்கே இருந்தால், தயவுசெய்து நிறுத்திவிடுங்கள்.

இப்போது எனக்கு மிகவும் உறுத்தும் விஷயத்துக்கு வருகிறேன். ஓர் ஆலையில் கொப்பரை இறக்கும் நேரத்தில் வெள்ளைப் பொடி ஒன்றை அள்ளிப் போட்டார்கள். செம்மண் நிறத்தில் இருந்த பாகு கண்ணெதிரே எலுமிச்சை மஞ்சளுக்கு வெளுத்தது. ஹைட்ரோஸ் என்பார்கள், ஆலைக்காரர்கள் வாயில் அது ‘மருந்து’. ஏனுங்க இதைப் போடுகிறீர்கள் என்று கேட்டேன். “என்னங்க பண்றது? மஞ்சளா இருந்தாத்தான் ஏலத்துல கேக்கறாங்க. கறுத்துப் போச்சுன்னா மூட்டைக்கு வெலையக் கொறச்சுப் போடறாங்க. ஊட்டுக்கு எடுத்து வெக்கறதுல மருந்து போடறதில்லீங்க” என்றார் ஆலைக்காரர். அவர் ஒளிக்கவில்லை. வீட்டுக்குத் தனியாக எடுத்து வைக்கிறார் என்பதிலிருந்தே அவருக்கு எல்லாம் தெரியும் என்று தெரிகிறது.

ஹைட்ரோஸ் வெளியிடும் கந்தக டையாக்சைடு வெல்லத்தில் கிலோவுக்கு 70 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் வரம்பு. ஆஸ்துமா உள்ளவர்களுக்கு அது மூச்சிரைப்பைத் தூண்டக்கூடியது. வெள்ளைச் சர்க்கரையின் விலை வெல்லத்துக்குக் கீழே இறங்கும் காலங்களில் மூட்டை மூட்டையாகச் சர்க்கரையைக் கொப்பரையில் கொட்டுவதும் நடக்கிறது. ஈரோடு, சேலம் மாவட்டங்களில் உணவுப் பாதுகாப்புத் துறையினர் ஆலைகளில் புகுந்து சர்க்கரை மூட்டைகளைப் பறிமுதல் செய்த செய்திகளை நீங்களும் படித்திருப்பீர்கள். துறை தன் வேலையைச் செய்யட்டும். ஆனால் ஏலத்தில் மஞ்சளுக்கு விலை ஏற்றியது யார்? கடையில் உருண்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, “இது கறுப்பா இருக்குதே, வேற காட்டுங்க” என்று கேட்ட நாம்தான். வெளுப்பு நம் கண்ணுக்குப் பழகிப்போய்விட்டது. அந்தப் பழக்கத்துக்காக ஒருவர் தன் பிள்ளைக்குக் கொடுக்காத பொருளை நம் பிள்ளைக்கு விற்கிறார்.

கொங்கு நாட்டில் இந்தக் கலப்படம் நடப்பதுதான் எனக்கு இன்னும் வருத்தம். 1912-இல் கரும்புக்கென்றே ஆராய்ச்சி நிலையம் தொடங்கிய ஊர் நம் கோவை. அங்கே விஞ்ஞானிகளாக இருந்த பார்பரும் வெங்கட்ராமனும் தடித்த கரும்பையும் காட்டு நாணல் கரும்பையும் கலந்து உருவாக்கிய கோ 205 என்ற ரகம், 1918-இல் பஞ்சாபுக்குப் போய் வட இந்திய விவசாயத்தையே மாற்றியது. தாவரவியலாளர் ஜானகி அம்மாள் 1934 முதல் சில ஆண்டுகள் இங்கேதான் கரும்பின் குரோமோசோம்களை ஆராய்ந்தார். கோ என்ற ஒற்றை எழுத்தில் நம் ஊர்ப் பெயர் பல நாட்டு வயல்களுக்குப் போனது. இன்று நம் காடுகளில் பரவலாக நிற்கும் கோ 86032 வெல்லத்துக்கும் மிக ஏற்ற ரகம். அழுக்கை நன்றாக வழித்து எடுத்தாலே நல்ல பொன் பழுப்பில் வரும், மருந்து தேவையில்லை. இத்தனை நல்ல கரும்பை வைத்துக்கொண்டு வெளுப்புப் பொடியை ஏன் நம்ப வேண்டும்?

வாங்கும்போது என்ன பார்ப்பது? உடைத்த வெல்லத்தின் முகம் பழுப்பாக, கொஞ்சம் ஈரப் பளபளப்போடு இருக்கலாம். கண்ணாடித் தூள் போலத் துகள் துகளாக மின்னினால் சர்க்கரை கலந்திருக்கிறதா என்று சந்தேகப்படுங்கள். முகர்ந்து பாருங்கள், தீக்குச்சி உரசிய நெடி இருக்கக் கூடாது. ஒரு துண்டைக் கண்ணாடி டம்ளரில் கரைத்து அரை மணி நேரம் விட்டால், அடியில் வெள்ளையாகச் சுண்ணாம்பு மாதிரி படிகிறதா என்று தெரியும். நல்ல நாட்டுச்சர்க்கரை கையில் பிடித்தால் லேசாகக் கட்டி பிடிக்கும், விட்டால் உதிரும். மணல் போல வழுக்கி ஓடினால் அதில் பாகு இல்லை. மார்கழி, தை மாதங்களில் ஆலைகள் மும்முரமாக ஓடும்போது, நேரில் போய்ப் பார்த்து வாங்க முடிந்தவர்கள் வாங்கி, காற்றுப் புகாத பாத்திரத்தில் வைத்துக்கொள்ளுங்கள்; மழைக்காலத்துக்குள் தீர்த்துவிடுங்கள். பாயசத்துக்குப் போடும்போது மட்டும் பாலை இறக்கிச் சற்று ஆற விட்டு, கரைத்து வடித்த வெல்லத்தை ஊற்றுங்கள். கொதிக்கும் பாலில் போட்டால் வெல்லத்தின் அமிலமும் உப்புகளும் சேர்ந்து திரித்துவிடும்.

கேக் செய்து விற்பவர்களுக்குத் தனியாக ஒரு வேண்டுகோள். நீங்கள் வாரம் ஐந்து கிலோ, பத்துக் கிலோ எடுப்பவர்கள். சித்தோட்டு வெல்லச் சந்தையிலிருந்து சரக்கு எடுக்கும் மளிகைக்காரரிடம் மருந்து போடாத கறுப்பு வெல்லம் வேண்டும், கூட ரெண்டு ரூபாய் ஆனாலும் பரவாயில்லை என்று சொல்லி வையுங்கள். ஒருவர் கேட்டால் அவர் சிரிப்பார். உங்கள் பேட்டையில் நாலு பேர் சேர்ந்து கேட்டால் அடுத்த வாரம் தனி மூட்டை இறக்குவார். அந்த மூட்டை எந்த ஆலையிலிருந்து வந்தது என்பதையும் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். மறு வருடம் சீசன் தொடங்கும்போது நேராக அந்த ஆலைக்கே போகலாம்.